அடி எறங்கிப்போச்சு, தோழர்களே

போன மாசம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கூட்டம். கல்யாண மண்டபத்து மாடி, நாப்பது அம்பது நாற்காலி, பேனர், பிஸ்கட்டு, டீ. தலைப்பு 'தலித் பெண் உடல்'. பேச வந்தவர் பேராசிரியர். நல்லவர்தான். உடல் ஒரு பிரதி என்றார், உடல் ஒரு களம் என்றார், உடலை வாசிக்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரம் வாசித்தார். கேள்வி நேரத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அய்யா, நம்ம பொம்பளைங்கள்ல நெறய பேருக்குக் கர்ப்பப்பை வெளிய வந்து தொங்குது. துணிய வச்சி அடச்சிக்கிட்டு வேலைக்குப் போறாங்க. அந்த உடலப் பத்தி எதுனா சொல்லுங்க."

மண்டபம் அடங்கிப்போச்சு. ஒரு தோழர் டீ டம்ளருக்குள்ள எதையோ தேடினார். ரெண்டு காலேஜ் பசங்க தலையக் குனிஞ்சி சிரிச்சானுங்க. தலைமை தாங்கியவர், "இது டாக்டர்கிட்ட தனியா பேச வேண்டிய விஷயம் தோழர், நேரமாயிடுச்சி" என்று சொல்லி நன்றியுரைக்கு மைக்கை நகர்த்திவிட்டார்.

அன்னிக்குக் குடுக்காத நேரத்தை இந்தப் பக்கங்களில் எடுத்துக்கொள்கிறேன். அருவருப்பா இருந்தா பக்கத்தைத் திருப்பிக்கலாம். மலம் அள்ளுவதை எழுதினால் போராட்ட இலக்கியம் என்று கைதட்டுகிறோம். சாணிப்பால், சவுக்கடி எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் எழுதுகிறோம். அதையெல்லாம் ஆம்பளை உடம்பும் அனுபவித்தது. இது பொம்பளை உடம்பு மட்டும் அனுபவிக்கிறது. அதனால் இது 'தனியா' பேச வேண்டிய விஷயமாகிவிட்டது.

எங்கம்மாவுக்கு அடி எறங்கிப்போச்சு. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அடி எறங்குது, அடி தள்ளுது. டாக்டருங்க கர்ப்பப்பை இறக்கம் என்பார்கள். நெல்லிக்குப்பத்துக்குத் தெக்க, கெடிலத்தங்கரையில எங்க சேரி. நான் தலைச்சம்புள்ள. அடுத்து தம்பி. அவன் பொறக்கறப்ப ரெண்டு நாள் நோவு. ஆயாவும் பக்கத்து வூட்டு அத்தையும் வயித்தை மேலேருந்து அமுக்கினாங்களாம். வாய் தெறக்கறதுக்கு முன்னாலேயே "முக்குடி, முக்குடி"ன்னு முக்க வச்சாங்களாம். புள்ள பொழச்சிது. பதினேழாம் நாள் எங்கம்மா நடவுக்குப் போனா. ஆண்டை வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது; முன்பணம் வாங்கியிருந்தார் அப்பா. முழங்கால் சேத்துல குனிஞ்சி நின்னப்பதான் மொதமொதலா எதுவோ கீழ வந்து இடிச்சிதாம். புண்ணுன்னு நெனச்சாளாம். அப்போ அவளுக்கு 23 வயசு.

அதுக்கப்புறம் 27 வருஷம் யாருக்கும் சொல்லலை. பழஞ்சீலையைக் கிழித்து உருண்டையாகச் சுருட்டி, உள்ளே தள்ளி, மேலே கோவணம் மாதிரிக் கட்டிக்கொண்டு நாத்து நட்டாள், களை பறித்தாள், கரும்புக் கட்டு தூக்கி வண்டியில் ஏற்றினாள். சாயங்காலத்துக்குள் கனம் தாங்காது. ராத்திரி படுத்தால் உள்ளே போய்விடும், விடிந்தால் வெளியே. ஒண்ணுக்கு வரணும்னா வெரலால மேல தள்ளிப் புடிச்சாத்தான் வரும். சேரியில கக்கூஸ் கெடையாது. இருட்டறவரைக்கும் அடக்கி வச்சி, கரும்புக் கொல்லை ஓரம் போய், முக்கி முக்கி உக்காந்திருப்பா. அந்த முக்கல் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கும். தண்ணி குடிச்சாத்தானே ஒண்ணுக்கு வரும்னு தண்ணி குடிக்கறதையே கொறச்சிக்கிட்டா. மலம் இறுகும், இன்னும் முக்கணும்.

அப்பாவும் அடிச்சார். ராத்திரியில கிட்ட வந்தா வலிக்குதுன்னு தள்ளிவிடுவா. "எவன வச்சிருக்க?" என்பார். அவரும் தலித்துதான். அவரும் ஆண்டையிடம் அடி வாங்கியவர்தான். இதைச் சொன்னால் உள்விவகாரத்தைத் தெருவுக்கு இழுக்கிறாள் என்பீர்கள். உள்ளே இருக்க வேண்டியதே தெருவுக்கு வந்துவிட்ட கதையைத்தானே சொல்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். காலேஜ் படித்த காலம். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடப் படிக்கும் பெண்கள் ரெண்டு பேர் எங்க வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன்: "உம்மேல மூத்திர வாடை அடிக்குது. அவங்க வர்றப்ப வெளிய வராத." அவள் வரவில்லை. பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு முறுக்கு சுட்டு என் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். அந்த வயசில் நான் அம்பேத்கர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒண்ணுக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது. காய்ச்சல், குளிர். ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பேர் வேண்டாம். அந்தம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, வெளியில் உரசி உரசிப் புண்ணாகியிருந்ததைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்ளோ வருஷம் என்னம்மா பண்ணுன? உங்காளுங்களே இப்படித்தான்" என்றார். அப்புறம் என்னிடம், "எடுத்துடலாம், இனிமே அது எதுக்கு?" மூன்று நிமிஷம். வேறு வழி உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எடுத்தார்கள். மூணு மாசம் பளு தூக்கக்கூடாதென்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்திருக்கிறது, இங்கிலீஷில். இருபத்தஞ்சாம் நாள் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டாள். ஒன்றரை வருஷத்தில், கர்ப்பப்பை இல்லாத அந்த வழியே இடிந்து கீழே இறங்கியது. எடுத்த பிறகும் இறங்கும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

இது ஏன் நடக்கிறது? உறியில் பானை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கர்ப்பப்பையை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தசைநார்கள் உறிக்கயிறு மாதிரிப் பிடித்திருக்கின்றன. கீழே இடுப்புக்கூட்டின் தரையில் தசை விரித்து, பிரிமணை மாதிரித் தாங்குகிறது. இழுபறியான பிரசவத்தில் பிரிமணை கிழிகிறது, கயிறு நைகிறது. ரெண்டும் இறுக நாள் வேண்டும். இறுகுமுன் தலையில் கட்டு ஏற்றினால் பானை இறங்காமல் என்ன செய்யும்? கர்ப்பப்பை மட்டுமல்ல, முன்பக்கம் மூத்திரப்பையும் பின்பக்கம் மலக்குடலும் சரிந்து வரும். அடுத்தடுத்துப் பிள்ளை, தீராத இருமல், மலச்சிக்கல், சத்துக்குறைவு, மாதவிலக்கு நின்ற பிறகு தசை தளர்வது எல்லாம் சேர்ந்துகொள்ளும். ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கலாம். எனக்கும் ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் லேசா எறங்குச்சு. ஆனால் நான் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள். உட்கார்ந்த வேலை. வீட்டில் குழாய், கக்கூஸ். எனக்கு முதல் படியோடு நின்றுவிட்டது. ஒரே ரத்தம், வேற வேலை.

மேல்சாதிப் பெண்ணுக்கும் வரும், பணக்காரிக்கும் வரும். மறுக்கவில்லை. ஆனால் ஊர்த்தெருவில் பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று சொல்லி மாசக்கணக்கில் அடுப்படிப் பக்கம்கூட விடமாட்டார்கள். தீட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, நாசமாய்ப் போகட்டும். ஆனால் அந்தக் கேடுகெட்ட தீட்டுகூட அவளை ஒரு மூலையில் படுக்க வைத்தது. பரம்பரையே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட எங்கம்மாவைப் பதினேழாம் நாள் வயலுக்குக் கூப்பிடும்போது மட்டும் யாருக்கும் தீட்டு ஞாபகம் வரவில்லை. பச்சை உடம்புக்காரி நட்ட நெல்லு மட்டும் தீட்டில்லாத நெல்லு.

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பிரசவகால உதவி மசோதா வந்தபோது பாபாசாகேப் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையில் அரசுக்கும் பங்கு வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே அங்கே சட்டம் வந்தது, ஆலைத் தொழிலாளிகளுக்கு. 1961-ல் நாடு முழுக்கச் சட்டம், 12 வாரம். 2017-ல் அது 26 வாரமானது. யாருக்கு? ஆலைக்கும் ஆபீசுக்கும் கடைக்கும். நாத்து நடுகிறவளுக்கு, முந்திரிக்கொட்டை உடைக்கிறவளுக்கு, செங்கல் சூளைக்காரிக்கு எந்த முதலாளி 26 வாரம் கொடுப்பான்? தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி உண்டு. 18,000 ரூபாய். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியுமாகத் தவணை தவணையாக வரும். பல மாநிலத்தில் அதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 26 வாரத்துக்கு 182 நாள். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு நூறு ரூபாய்கூட இல்லை. நூறு ரூபாயை நம்பி எவள் ஆறு மாசம் படுப்பாள்?

இதைப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்துத் தலித் பெண்களை வைத்தே 1981-ல் தொடங்கப்பட்ட பெண்கள் அமைப்பு ரூவ்செக். டி.கே. சுந்தரி ரவீந்திரனும் அங்கே வேலை செய்த பெண்களும் அடி எறங்கின பெண்களிடம் உட்கார்ந்து கதை கேட்டு எழுதினார்கள். அது 1999-ல் அச்சில் வந்தது. அதைப் படித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் எங்கம்மா இருந்தாள். கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் ரெண்டு பேரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்ணுறுப்பு நோய் இருந்தது. அதற்கு முன்னால் அதற்காகப் பரிசோதனையும் வைத்தியமும் பார்த்துக்கொண்டவர்கள் 8 சதவீதம். நேபாளத்தில் மலைக்காட்டுப் பெண்களிடம் இந்த நோய் எக்கச்சக்கம். அங்கே வழக்குப் போட்டார்கள். 2008-ல் நேபாள உச்ச நீதிமன்றம், கர்ப்பப்பை இறக்கத்தை இப்படி விட்டுவைத்திருப்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையை மீறுவது என்றே தீர்ப்பு எழுதியது. ஒரு நீதிமன்றம் உரிமை மீறல் என்று எழுதிய விஷயம்தான் நம்ம கூட்டத்துக்குத் 'தனியா பேச வேண்டியது'.

இன்னொன்று. "எடுத்துடலாம்" என்ற வார்த்தையைப் பற்றி. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களின் சேதி 2019-ல் நாடெங்கும் அடிபட்டது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கே தொல்லை என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அரசு 82,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கணக்கெடுத்தபோது 13,000-க்கும் அதிகமானவர்களுக்கு எடுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு அடி எறங்கவில்லை. வேறு ஏதேதோ சொல்லி எடுத்தார்கள். ஆனால் கரும்பு அதே கரும்பு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் நடந்த இதே அறுவைகளைப் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா போட்ட வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஏழை எளிய பெண்ணின் கர்ப்பப்பை என்றால் கத்தி சீக்கிரம் நீளும். ஒரு பக்கம் இறங்கித் தொங்கும்வரை எவனும் பார்க்கமாட்டான், இன்னொரு பக்கம் பார்த்தவுடனே வெட்டுவான். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதை நம்மவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நானே சொல்கிறேன்.

முதல் படி, ரெண்டாம் படி இறக்கத்துக்குப் பயிற்சி உண்டு. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் எழுதினார். காத்துப் போகாம அடக்குற மாதிரி, ஒண்ணுக்கைப் பாதியில நிறுத்துற மாதிரி, அந்த இடத்தைச் சுருக்கி மேல இழுக்கணும். வயித்தையும் தொடையையும் முறுக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. அஞ்சு எண்ணு, விடு. பத்துத் தடவை, நாளைக்கு மூணு வேளை. மூணு நாலு மாசமாவது விடாம செஞ்சாத்தான் தெரியும். (ஒண்ணுக்கைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பது எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரு தடவைதான், தினமும் அப்படிச் செய்தால் கெடுதல்.) இருமறப்ப, தும்மறப்ப, குடம் தூக்கறப்ப முன்னாடியே அதைச் சுருக்கிக்கணும். நான் டைப் அடித்துக்கொண்டே செய்தேன், வக்கீலுக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது. ஆனால் முழுசா வெளியே வந்துவிட்டதைப் பயிற்சி உள்ளே கொண்டுபோகாது. அப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

அதற்கு வளையம் இருக்கிறது. ரப்பர் மாதிரி, சிலிக்கானில், அளவு பார்த்து உள்ளே வைப்பார்கள். பானைக்கடியில் புதுப் பிரிமணை வைத்த மாதிரி. கத்தி வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். மூணு மாசமோ ஆறு மாசமோ, டாக்டர் சொல்கிற கணக்குக்கு எடுத்துக் கழுவி மறுபடி வைக்கணும். வைத்ததை மறந்துவிட்டால் உள்ளேயே புண்ணாகும். வயசானவர்களுக்குத் தடவ ஹார்மோன் களிம்பு உண்டு. அறுவையே தேவைப்பட்டாலும் எடுப்பது மட்டும்தான் அறுவை என்று நினைக்காதீர்கள். சின்ன வயசுப் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமலே மேலே தூக்கிக் கட்டும் முறைகளைச் செய்துகாட்டியவர்கள் நம்ம நாட்டு டாக்டர்கள்தான், பம்பாய் ஷிரோத்கரும் புரந்தரேயும். எடுத்தாலும் மிச்சத்தை மேலே இழுத்துக் கட்டியிருக்கிறார்களா, முட்டைப்பையை விட்டுவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் இதற்காகப் பெண்குறி வழியே வைத்த வலைகளை 2019-ல் விற்பனையிலிருந்தே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வலை வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ரெண்டு தடவை கேளுங்கள். ரத்தம் பட்டாலோ, நாற்றமெடுத்துப் புண்ணானாலோ, ஒண்ணுக்கு அடைத்தாலோ, தள்ளினாலும் உள்ளே போகாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கம்மா விஷயத்தில் நாங்கள் போனது அந்தக் கட்டத்தில்தான்.

ரெண்டாவது தடவை எறங்கினப்ப வேறொரு டாக்டரம்மா வளையம் வைத்தார். பத்து நிமிஷம். எங்கம்மா எழுந்து நாலடி நடந்து பார்த்தாள். கால் அகட்டாமல் நடந்தாள். நான் பிறந்ததிலிருந்து அவள் அகட்டித்தான் நடந்து பார்த்திருக்கிறேன், அதுதான் அவள் நடை என்றே நினைத்திருந்தேன். "இந்த வளையல அப்பவே போட்டிருந்தா நானும் மனுசியா நடந்திருப்பனே" என்றாள்.

பயிற்சி செய், பளு தூக்காதே, தண்ணி குடி, முக்காதே என்று சொல்வது சுலபம். கக்கூஸ் இல்லாத தெருவில் தண்ணி குடி என்றால் எப்படிக் குடிப்பாள்? பளு தூக்காதே என்றால் கூலி யார் கொடுப்பார்? அதனால் இது டாக்டர் விஷயம் மட்டும் இல்லை, தலைவரே. கூலி விஷயம், கக்கூஸ் விஷயம், லீவு விஷயம். சங்கம் வைத்திருக்கிறோமே, இதற்குத்தான். பிள்ளை பெற்ற கூலிக்காரிக்கு ஆறு மாசக் கூலியைக் கேட்டு மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பொதுக்கூட்டம் போடுங்கள் பார்ப்போம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டிலிருந்து வீடு வீடாக வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். வாசப்படி வரைக்கும் வருகிற அந்தப் பெண்களே, "அடி எறங்குதா யக்கா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கச் சொல்லி ஒரு மனு கொடுங்கள். பொம்பளை பொம்பளையைக் கேட்டால் சொல்லுவாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள். பார்க்கிற நர்சு கண்ணில் இறக்கமும் படத்தானே செய்யும்? அப்போதே சொல்லி வளையத்துக்கு அனுப்ப என்ன தடை?

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002-ல் வந்தபோது ஆபாசம் என்று கூச்சல் போட்டார்கள். நம்மில் பலர் பெண் கவிஞர்கள் பக்கம் நின்றோம், சரிதான். ஆனால் அதற்குப் பிறகு உடல் என்றாலே மார்பும் காமமும் என்று ஆகிவிட்டது. மார்புக்கு உரிமை கேட்ட நாம் அதற்கு ஒரு சாண் கீழே துணியுருண்டையோடு நிற்கிற எங்கம்மாவைப் பார்க்கவில்லை. கவிதைக்கு அது அழகாக இல்லையோ என்னவோ.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து படி இறங்கும்போது, டீ கொடுத்துக்கொண்டிருந்த அக்கா பின்னாலேயே வந்தது. அம்பது வயசிருக்கும். மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா, அங்க கேட்டியே, அது எனக்கு இருக்குது. எம்மருமவளுக்கும் இருக்குது. அவளுக்கு இருவத்தாறு வயசுதான். எங்க போயி பாக்குறது?" என்றது. அப்போது எனக்குப் பதில் வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். வர்ற திங்கட்கிழமை ரெண்டு பேரையும் எங்கம்மாவுக்கு வளையம் வைத்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். வக்கீலிடம் லீவு சொல்லியாயிற்று. எதுக்கு லீவு என்று கேட்டார். சொன்னேன். அவரும் டீ டம்ளருக்குள்ளதான் பார்த்தார்.